ஒரே சீரியல் போர்ட்டில் உள்ளே வரும் அழைப்பும் வெளியே போகும் அழைப்பும்: யூனிக்ஸில் மோடத்தைப் பகிரும் வழி

ஒரு லினக்ஸ் பெட்டி, அதன் சீரியல் போர்ட்டில் ஒரு மோடம், மோடத்துக்கு ஒரே ஒரு தொலைபேசி லைன். வெளியூரிலிருந்து யாராவது அழைத்தால் மோடம் எடுக்கவேண்டும், லாகின் கேட்கவேண்டும். அதே பெட்டியிலிருந்து வேறொரு ஊருக்கு அழைக்கவேண்டி வந்தால் அதற்கும் அதே மோடம்தான். பழைய காலத்து ஏற்பாடு என்றாலும், நெட்வொர்க் படுத்துவிட்டால் தொலைவில் இருக்கும் சர்வருக்குள் நுழைய ஒரு மோடம் இருக்கட்டும் என்று வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. அப்படி ஒரு பெட்டி முதல்முறையாக உங்கள் பொறுப்புக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் கவனிக்கவேண்டியவை இரண்டுதான். லைனில் அழைப்பு இருக்கிறதா இல்லையா என்பதை மோடம் பொய்யில்லாமல் சொல்லவேண்டும். போர்ட்டைத் தொடும் எல்லாப் புரோகிராம்களும் ஒரே பெயரில், ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் பூட்டுப் போடவேண்டும். இவை சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் கான்ஃபிக் கோப்பில் சில வரிகள்.

சண்டை எங்கே தொடங்குகிறது

லாகின் கேட்கும் வேலையைச் செய்வது கெட்டி என்ற புரோகிராம். அது போர்ட்டைத் திறந்து, ‘லாகின்’ என்று எழுதிவிட்டு, யாராவது பெயர் தட்டுவார்கள் என்று காத்திருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் மினிகாம் என்ற டெர்மினல் புரோகிராமைத் திறந்து அதே போர்ட்டைக் கேட்டால் கெர்னல் தடுக்காது. ஒரே போர்ட்டை இரண்டு புரோகிராம்கள் திறந்து படிக்கலாம். வரும் எழுத்துகள் யார் முந்துகிறார்களோ அவர்களுக்குப் போகும், அவ்வளவுதான்.

விளைவைப் பாருங்கள். நீங்கள் மினிகாமில் மோடத்துக்கு ஒரு கட்டளை கொடுக்கிறீர்கள். மோடம் ‘ஓகே’ என்று இரண்டு எழுத்தில் பதில் அனுப்புகிறது. முதல் எழுத்து உங்கள் திரைக்கு வருகிறது, இரண்டாவது கெட்டியிடம் போய்விடுகிறது. கெட்டி அதை யாரோ தட்டிய பயனர் பெயர் என்று எடுத்துக்கொண்டு ‘பாஸ்வேர்ட்’ என்று கேட்கிறது. அந்தச் சொல் மோடத்துக்குப் போகிறது. அதை ஒரு கட்டளையாக நினைத்துப் படிக்கும் மோடம் ‘எரர்’ என்று பதில் அனுப்பலாம். அதில் பாதி உங்களுக்கு, பாதி கெட்டிக்கு. திரையில் அரைகுறை எழுத்துகள் ஓடுவதைக் கண்டால் கேபிளைக் குறைசொல்வதற்கு முன், போர்ட்டை இன்னொருவர் படிக்கிறாரா என்று பாருங்கள்.

இரண்டு கம்பிகள்

மோடம் கேபிளில் பல கம்பிகள் இருந்தாலும் பகிர்வுக்கு முக்கியமானவை டிசிடி, டிடிஆர் ஆகிய இரண்டு.

டிசிடி மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வருவது. எதிர்முனை மோடத்துடன் இணைப்பு ஏற்பட்டுவிட்டது என்பதற்கான அடையாளம். 9 முனை இணைப்பானில் 1ஆம் பின், 25 முனையில் 8ஆம் பின். டிடிஆர் கம்ப்யூட்டரிலிருந்து மோடத்துக்குப் போவது. இங்கே ஒரு புரோகிராம் தயாராக இருக்கிறது என்பதற்கான அடையாளம். 9 முனையில் 4ஆம் பின், 25 முனையில் 20ஆம் பின்.

யூனிக்ஸில் ஒரு புரோகிராம் சீரியல் போர்ட்டைச் சாதாரணமாகத் திறக்கப் பார்த்தால், டிசிடி உயரும்வரை கெர்னல் அதைக் காத்திருக்க வைக்கும். டிசிடியைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் சிலோக்கல் என்ற அமைப்பு போடப்பட்டிருந்தாலோ, காத்திருக்காமல் திற என்று புரோகிராமே கேட்டாலோதான் உடனே திறக்கும். இணைப்பு அறுந்து டிசிடி இறங்கினால், அந்த லைனில் இருக்கும் ஷெல்லுக்குக் கெர்னல் ஹேங்அப் சிக்னல் அனுப்பும், ஷெல் முடிந்துபோகும். மறுபக்கம், போர்ட்டைக் கடைசியாக மூடும்போது டிடிஆர் இறங்கும், மோடம் லைனை விடும்.

இது பாதுகாப்புச் சமாச்சாரமும்கூட. பல மோடங்களில் டிசிடியை எப்போதும் உயர்த்தியே வைக்கும் அமைப்பும் உண்டு. அந்த நிலையில் ஒருவர் ரூட்டாக லாகின் செய்து, வெளியேறாமல் தொலைபேசியை வைத்துவிட்டால், இணைப்பு போன செய்தி கெர்னலுக்குத் தெரியவே தெரியாது. ஷெல் அப்படியே திறந்து கிடக்கும். அடுத்து அழைப்பவர் பாஸ்வேர்ட் இல்லாமல் நேராக ரூட் ஷெல்லில் போய் நிற்பார்.

அதனால் மூன்று கம்பி மட்டும் உள்ள கேபிளைத் தொடாதீர்கள். எல்லாக் கம்பிகளும் உள்ள முழு மோடம் கேபிள் வேண்டும். ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகளும் அதில் இருக்கும், அவை தரவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தத் தேவை.

பகிர்வுக்கு இரண்டு மரபுகள்

முதலாவது, ஒரே போர்ட்டுக்குக் கெர்னலே இரண்டு பெயர் கொடுப்பது. சன்ஓஎஸ்ஸில் டிடிஒய்டி0 என்பது உள்ளே வரும் அழைப்புக்கு, சியுஏ0 என்பது வெளியே போகும் அழைப்புக்கு. வெளியே போகும் பெயரின் மைனர் எண் (சாதனத்தைக் கெர்னல் அடையாளம் காணும் எண்), மற்றதன் எண்ணோடு 128 கூட்டியது. கெட்டி முதல் பெயரைத் திறந்து டிசிடிக்காகக் காத்திருக்கும். நீங்கள் இரண்டாவது பெயரைத் திறந்தால் காத்திருக்காமல் உடனே கிடைக்கும். உங்கள் அழைப்பு இணைந்து டிசிடி உயர்ந்தாலும் கெட்டி எழுந்துவிடாதபடி கெர்னல் பார்த்துக்கொள்ளும். யாராவது உள்ளே வந்திருக்கும்போது நீங்கள் திறக்கப்போனால் ‘சாதனம் வேலையில் இருக்கிறது’ என்று மறுத்துவிடும். சோலாரிஸ், ஃப்ரீபிஎஸ்டி இரண்டும் இந்த மரபில் வருபவை.

இரண்டாவது மரபு, யூனிக்ஸ் பெட்டிகள் தொலைபேசி வழியாகக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளப் பயன்பட்ட யுயுசிபியிலிருந்து வந்தது. போர்ட்டை எடுக்கும் புரோகிராம் ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்கி, அதில் தன் பிராசஸ் எண்ணை எழுதும். வேறு யார் வந்தாலும் முதலில் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஹனிமன், நோவிட்ஸ், ரெட்மன் மூவரும் 1983இல் திருத்தி எழுதிய ஹனிடான்பர் யுயுசிபியின் பூட்டு வடிவம்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

லினக்ஸில் தொடக்கத்தில் இரண்டு மரபுகளும் கலந்து கிடந்தன. டிடிஒய்எஸ்0 என்றும் சியுஏ0 என்றும் ஒரே போர்ட்டுக்கு இரண்டு பெயர். சிலர் ஒரு பெயரில் பூட்டினார்கள், சிலர் மற்றதில் பூட்டினார்கள், இரண்டு பூட்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. சீரியல் டிரைவரைக் கவனித்துவந்த தியடோர் சோ, எப்படியும் பூட்டுக் கோப்பு தேவைப்படும்போது இரண்டாவது பெயர் குழப்பம்தான் என்ற முடிவுக்கு வந்தார். 2.2 கெர்னலில் சியுஏவைத் திறந்தால் எச்சரிக்கை வந்தது, 2.4இல் அந்தப் பெயரே இல்லை. எனவே லினக்ஸில் சியுஏ பற்றிப் பேசும் பழைய குறிப்புகளைப் பின்பற்றவேண்டாம்.

லினக்ஸுக்கு என் பரிந்துரை கெர்ட் டோரிங் எழுதிய எம்கெட்டி. சாதாரண கெட்டிபோல அது லைனில் எதையும் எழுதிவிட்டுக் காத்திருக்காது. மோடத்தைத் தயார் செய்துவிட்டு, தன் பூட்டை நீக்கிவிட்டு, எழுத்து ஏதும் வருகிறதா என்று படிக்காமல் வெறுமனே கவனிக்கும். எழுத்து வந்ததும் முதலில் பூட்டைப் பார்க்கும். பூட்டு இல்லையென்றால் உள்ளே அழைப்பு வருகிறது என்று பொருள். உடனே தான் பூட்டிக்கொண்டு, ‘ரிங்’ என்ற சொல்லைப் படித்து, அழைப்பை எடுக்கும்படி மோடத்துக்குத் தானே கட்டளை கொடுக்கும். பூட்டு இருந்தால் வேறு யாரோ வெளியே அழைக்கிறார்கள். ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் ஒதுங்கியிருந்து, பூட்டு போனதும் தன்னை முடித்துக்கொள்ளும். அதை மறுபடி கிளப்பிவிடும்போது மோடத்தை முதலிலிருந்து தயார் செய்யும்.

இந்த மறுதயாரிப்பு எதற்கு என்று தோன்றலாம். மோடம், கடைசியாகத் தனக்குக் கட்டளை வந்த வேகத்தில்தான் ‘ரிங்’ என்று சொல்லும். நீங்கள் 9600இல் மினிகாம் ஓட்டிவிட்டுப் போனால், 115200இல் காத்திருக்கும் கெட்டிக்கு அந்தச் சொல் குப்பையாகத்தான் வந்து சேரும்.

படி 1: போர்ட்டைக் காலி செய்யுங்கள்

யார் போர்ட்டைப் பிடித்திருக்கிறார்கள் என்று ஃப்யூசர் கட்டளையால் பாருங்கள். சர்வீஸ்களைக் கிளப்பி நடத்தும் சிஸ்டம்டி உள்ள பெட்டியில் பெரும்பாலும் சீரியல்-கெட்டி என்ற சர்வீஸ் இருக்கும். டிடிஒய்எஸ்0க்கான சீரியல்-கெட்டியை நிறுத்தி, மாஸ்க் செய்துவிடுங்கள். வெறும் டிசேபிள் போதாது. கெர்னல் பூட் வரியில் ‘கன்சோல்’ என்று இந்தப் போர்ட்டைக் குறிப்பிட்டிருந்தால் பெட்டி கிளம்பும் ஒவ்வொரு முறையும் சிஸ்டம்டி சீரியல்-கெட்டியைத் தானாகவே எழுப்பும். அந்த வரியிலிருந்தும் போர்ட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கெர்னல் செய்திகள் எல்லாம் மோடத்துக்குள் கொட்டும்.

யுஎஸ்பி மோடம் என்றால் மோடம்மேனேஜரையும் கவனியுங்கள். அது புதிய போர்ட்டைக் கண்டால் தானாகக் கட்டளை அனுப்பிச் சோதிக்கும் பழக்கமுள்ளது. தேவையில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

படி 2: மோடத்தைச் சரிசெய்யுங்கள்

எம்கெட்டியை நிறுவும் முன் மோடத்தைத் தனியாகப் பழக்கவேண்டும். சியு என்ற எளிய டயல் புரோகிராமிலோ மினிகாமிலோ போர்ட்டைத் திறந்து, மோடம் கட்டளைகளின் தொடக்கமான ஏடி என்பதைத் தட்டி ‘ஓகே’ வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஏடியைத் தொடர்ந்து இந்த அமைப்புகளைக் கொடுங்கள்.

&எஃப் – தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும்.
&சி1 – டிசிடி இணைப்பின் உண்மையான நிலையைக் காட்டும்.
&டி2 – டிடிஆர் இறங்கினால் லைனை விடும். இங்கே டி என்பது டிடிஆரின் முதல் எழுத்து. &டி3 கொடுத்தால் மோடம் முழுவதுமாக ரீசெட் ஆகும், அதுவும் நல்லதே.
எஸ்0=0 – மோடம் தானாக அழைப்பை எடுக்காது.
&டபிள்யூ – இவற்றை மோடத்தின் நினைவகத்தில் சேமிக்கும்.

வன்பொருள் வழி ஓட்டக் கட்டுப்பாட்டுக்கான கட்டளை மோடத்துக்கு மோடம் மாறும். ராக்வெல் சிப் உள்ளவற்றில் &கே3. உங்கள் மோடத்தின் கையேட்டைப் பார்த்துப் போடுங்கள்.

எஸ்0=0 விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். தானாக எடுக்கும்படி மோடத்தை விட்டால், கம்ப்யூட்டர் தொங்கிக் கிடக்கும்போதும் மோடம் அழைப்பை எடுக்கும், வெளியூரில் இருப்பவர் வெற்றுத்திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எம்கெட்டி எடுக்கும்படி விட்டால், பெட்டி உயிரோடு இருந்தால்தான் அழைப்பே எடுக்கப்படும்.

இப்போது டிசிடி உண்மை பேசுகிறதா என்று சோதியுங்கள். ரூட்டாக இருந்து /பிராக்/டிடிஒய்/டிரைவர்/சீரியல் என்ற கோப்பைக் ‘கேட்’ கட்டளையால் பார்த்தால், ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு வரி வரும். வரியின் முடிவில் எந்தெந்தக் கம்பிகள் உயர்ந்திருக்கின்றன என்ற பட்டியல் இருக்கும். அழைப்பு எதுவும் இல்லாதபோது அங்கே சிடி (டிசிடியைத்தான் இங்கே அப்படிக் காட்டும்) தெரியக்கூடாது. எங்காவது அழைத்து இணைந்த பிறகு தெரியவேண்டும், வைத்ததும் மறையவேண்டும். எப்போதுமே சிடி தெரிந்தால் &சி1 ஏறவில்லை, அல்லது கேபிளுக்குள்ளேயே அந்தப் பின்னை வேறொன்றோடு இணைத்திருக்கிறார்கள். இது தேறும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். யுஎஸ்பி மோடத்துக்கு இந்தக் கோப்பில் வரி இருக்காது.

படி 3: எம்கெட்டி

எம்கெட்டி.கான்ஃபிக் கோப்பில், ‘போர்ட் டிடிஒய்எஸ்0’ என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே ‘ஸ்பீட் 115200’, ‘ரிங்ஸ் 2’, ‘டீபக் 4’ என்று எழுதுங்கள். ஸ்பீட் என்பது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். தொலைபேசியில் எந்த வேகத்தில் இணைந்தாலும் இது மாறாமல் இருப்பதே நல்லது. போர்ட்டில் இருப்பது 16550ஏ சிப்பாக இருந்தால் இந்த வேகம் தாங்கும். அதைவிடப் பழையது என்றால் குறைத்துக்கொள்ளுங்கள்.

பலர் தவறவிடும் வரிகள் போர்ட்-ஓனர், போர்ட்-குரூப், போர்ட்-மோட் என்ற மூன்று. ஒருவர் உள்ளே லாகின் செய்தால் அந்தப் போர்ட் கோப்பின் உரிமையே அவர் பெயருக்கு மாறும். அவர் போன பிறகு எம்கெட்டிதான் பழையபடி மாற்றிவைக்கவேண்டும். குரூப் டயல்அவுட், மோட் 0660 என்று வைத்தால் அந்தக் குழுவில் உள்ளவர்கள் மட்டும் வெளியே அழைக்கலாம். சில விநியோகங்களில் அந்தக் குழுவின் பெயர் யுயுசிபி.

பழைய இனிட் உள்ள பெட்டியில் இனிட்டேப் கோப்பில் ரெஸ்பான் வரி ஒன்று எழுதி, டெலினிட் க்யூ கொடுத்தால் முடிந்தது. சிஸ்டம்டியில் சிறிய சர்வீஸ் கோப்பு ஒன்று வேண்டும். எக்ஸெக்ஸ்டார்ட்டில் எம்கெட்டியின் முழுப் பாதையும் போர்ட்டின் பெயரும், ரீஸ்டார்ட் என்பதற்கு ஆல்வேஸ். இத்துடன் ரீஸ்டார்ட்செக் என்பதை 10 என்று வையுங்கள். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் எம்கெட்டி முடிந்து மறுபடி எழுவது இயல்பு. ஆனால் சிஸ்டம்டி, 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் கிளம்பும் சர்வீஸைப் பழுதானது என்று நிறுத்திவிடும். மோடத்தின் மின்சாரம் போய் எம்கெட்டி அடுத்தடுத்துத் தோற்றால், மின்சாரம் திரும்பிய பிறகும் மோடம் பதில் சொல்லாமல் கிடக்கும்.

படி 4: வெளியே அழைக்கும் புரோகிராம்கள்

எம்கெட்டி பூட்டை மதிக்கும். வெளியே அழைப்பவை பூட்டைப் போடுகின்றனவா என்பதுதான் கேள்வி. சியு, மினிகாம் இரண்டும் போடும். மோடம் வழியாக இணைய இணைப்பை நடத்தும் பிபிபிடி தானாகப் போடாது, அதன் ஆப்ஷன்ஸ் கோப்பில் ‘லாக்’ என்ற ஒரு சொல் வேண்டும். அது இல்லாமல் இணைய இணைப்பு பாதியில் நின்று நின்று போவதைத் தேடித் தேடிச் சலித்தவர்கள் நிறைய. நீங்களே எழுதும் ஸ்கிரிப்ட்டில் எக்கோ கட்டளையால் நேராகப் போர்ட்டுக்கு எழுதினால் அதற்கும் பூட்டு கிடையாது. ஸ்கிரிப்ட்டுக்குள்ளிருந்து சியுவை அழைப்பதே பாதுகாப்பு.

எல்லோரும் ஒரே டைரக்டரியில் பூட்டவேண்டும். லினக்ஸில் அது /வார்/லாக், இன்று பெரும்பாலும் /ரன்/லாக்குக்குச் செல்லும் இணைப்பு. மினிகாமின் அமைப்புத் திரையில் பூட்டுக் கோப்பின் இடத்தை மாற்ற முடியும் என்பதால் அங்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெளியே அழைப்பவருக்கு அந்த டைரக்டரியில் எழுதும் உரிமையும் வேண்டும்.

பெயர் இதைவிட முக்கியம். பலர் /டெவ்/மோடம் என்று ஒரு சிம்லிங்க் (போர்ட்டுக்கு ஒரு மாற்றுப்பெயர்) உருவாக்கி, மினிகாமில் அதைக் கொடுத்துவிடுவார்கள். மினிகாம் எல்சிகே..மோடம் என்ற பெயரில் பூட்டுக் கோப்பு போடும். எம்கெட்டி தேடுவது எல்சிகே..டிடிஒய்எஸ்0. பூட்டு இருந்தும் இல்லாததுபோலத்தான். மோடத்தின் பதிலை அழைப்பு என்று நினைத்து எம்கெட்டி உள்ளே நுழையும், முதலில் சொன்ன அரைகுறை எழுத்துச் சண்டை தொடங்கும். சிம்லிங்க் இருந்தால் அழித்துவிடுங்கள், எல்லா இடத்திலும் டிடிஒய்எஸ்0 என்றே எழுதுங்கள்.

படி 5: சோதித்துப் பாருங்கள்

சியுவால் வெளியே அழையுங்கள். இன்னொரு டெர்மினலில் பூட்டுக் கோப்பைக் கேட் செய்யுங்கள். உள்ளே இருப்பது 10 எழுத்து அகலத்தில் வலப்பக்கம் ஒட்டிய பிராசஸ் எண், கடைசியில் ஒரு புதுவரி, மொத்தம் 11 பைட். எண் 1230 என்றால் முன்னால் 6 வெற்றிடம் இருக்கும். எண்ணுக்குப் பதில் புரியாத குறிகள் வந்தால் அந்தப் புரோகிராம் பழைய பைனரி வடிவத்தில் எழுதுகிறது. மற்றவை அதைத் தவறாகப் படித்து, செத்த பூட்டு என்று அழித்துவிடக்கூடும்.

அழைப்பை முடியுங்கள். பூட்டு மறையவேண்டும், எம்கெட்டி புதிதாகக் கிளம்பவேண்டும், அதன் பதிவுக் கோப்பில் மோடத்தைத் தயார் செய்த வரிகள் வரவேண்டும்.

அடுத்து வெளியிலிருந்து மோடத்தால் அழைத்து லாகின் செய்யுங்கள். அப்போது உள்ளேயிருந்து சியுவைக் கிளப்பினால், லைன் பயன்பாட்டில் இருக்கிறது என்று அது மறுக்கவேண்டும். கடைசியாக, லாகின் செய்த நிலையிலேயே, வெளியேறாமல், அழைக்கும் பக்கத்துத் தொலைபேசி ஒயரைப் பிடுங்குங்கள். சில விநாடிகளில் ஷெல் சாகவேண்டும். ஹூ கட்டளையில் அந்தப் பயனர் இன்னும் தெரிந்தால் படி 2க்குத் திரும்புங்கள்.

மின்வெட்டிலோ கில் -9இலோ செத்த புரோகிராமின் பூட்டு அப்படியே கிடக்கலாம். பெரும்பாலானவை அந்த எண்ணில் பிராசஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துத் தாமே அழித்துக்கொள்ளும். கையால் அழிக்க நேர்ந்தால் முதலில் பிஎஸ் கட்டளையால் அந்த எண்ணைப் பாருங்கள்.

ஃப்ரீபிஎஸ்டியில் என்றால்

இங்கே வேலை குறைவு. 8ஆம் பதிப்பு முதல் உள்ளே வரும் பெயர் டிடிஒய்யு0, வெளியே போகும் பெயர் சியுஏயு0. /இடிசி/டிடிஒய்எஸ் கோப்பில் டிடிஒய்யு0 வரியை ‘டயல்அப்’, ‘ஆன்’ என்று மாற்றி, 1ஆம் பிராசஸுக்கு ஹேங்அப் சிக்னல் அனுப்புங்கள். அந்த வரியில் ‘செக்யூர்’ என்று இருந்தால் ரூட் நேராக லாகின் செய்யலாம் என்று பொருள், அதை ‘இன்செக்யூர்’ ஆக்குங்கள். சியுவில் எப்போதும் சியுஏயு0 கொடுங்கள்.

ஒரு வேறுபாடு உண்டு. இங்கே கெட்டி ‘ரிங்’ என்ற சொல்லைப் படிப்பதில்லை, டிசிடி உயர்வதற்காகத்தான் காத்திருக்கிறது. எனவே மோடம் தானாக எடுக்கவேண்டும், அதாவது எஸ்0=1. &சி1, &டி2 இரண்டும் இங்கேயும் கட்டாயம்.

வாசலைத் திறக்கும் முன்

தொலைபேசி எண் தெரிந்த எவரும் இந்த லாகினை எட்டலாம். யாரை எடுப்பது, யாரை விடுவது என்பதை அழைப்பவரின் எண்ணை வைத்து எம்கெட்டியின் டயலின்.கான்ஃபிக் கோப்பில் எழுதலாம், தொலைபேசி நிறுவனம் அந்த எண்ணை அனுப்பினால். இன்னும் கறாராக வேண்டுமென்றால் எம்கெட்டியுடன் வரும் கால்பேக் புரோகிராம் இருக்கிறது. வந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஏற்கெனவே பதிவான எண்ணுக்குப் பெட்டியே திரும்ப அழைக்கும். உள்ளே, வெளியே இரண்டும் ஒரே போர்ட்டில் ஒழுங்காக நடந்தால்தான் இது வேலை செய்யும்.

போர்ட்டில் ஏதாவது பராமரிப்பு நடக்கும்போது எம்கெட்டியைக் கொல்லத் தேவையில்லை. /இடிசி/நோலாகின்.டிடிஒய்எஸ்0 என்று வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கினால் போதும். மணி அடித்தாலும் எம்கெட்டி எடுக்காது. வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள், அடுத்த அழைப்பிலிருந்து எடுக்கத் தொடங்கும்.